கழுத்தில் கோடில்லாத காசு

அமெரிக்காவின் லங்காஸ்டர் நகரத்தில் ஒருவன் மதிக்கப்பட வேண்டுமானால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, செத்துப்போவது. மற்றது, உள்நாட்டுப் போர் மறுஅச்சுக் காசுச் சங்கத்தில் உறுப்பினராவது. இரும்புக்கடை ஹார்லன் ஸ்டாஃபருக்குச் சாவதற்கு அவசரமில்லை. ஆகவே சங்கத்துக்கு மனுப் போட்டான்.

சங்கதி இதுதான். போர்க்காலத்தில் தென்மாநிலத்தாருக்காக பிலடெல்பியாவில் யாரோ ரகசியமாகக் கொஞ்சம் சென்ட் காசு அடித்தார்கள். போர் ஓய்ந்து பல வருஷம் கழித்து, வேறு யாரோ அந்தப் பழைய அச்சைக் கண்டெடுத்து மறுபடி அடித்தார்கள். அதற்குள் அச்சு துருப்பிடித்து விரிசல் விட்டிருந்ததால், காசிலிருந்த பெண்ணின் கழுத்தில் கோடு விழுந்தது. கோடு இருந்தால்தான் உண்மையான மறுஅச்சு. சங்கத்தார் பூதக்கண்ணாடி வைத்து அந்தக் கோட்டைப் பார்த்துப் பார்த்து உருகுவார்கள்.

ஹார்லனிடமும் ஒரு காசு இருந்தது. சரியாகச் சொன்னால், அவன் மனைவி வெர்னாவிடம். முதலில் அந்தக் காசை அடித்த பட்டறையில் எடுபிடியாக இருந்த அவள் கொள்ளுத்தாத்தா சாகும்வரை சட்டைப்பையில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தது அது.

"எப்படிப் போகுதோ அப்படியே திரும்பி வரணும், ஹார்லன்."

"நான் என்ன அதைத் தின்னவா போறேன்?"

சங்கத் தலைவர் ப்ரூபேக்கர் காசை வாங்கி நெடுநேரம் ஆராய்ந்தார்.

"கோடு எங்கே?"

"கோடு இல்லீங்க."

"அப்ப குறையுள்ள காசு."

"ஐயா, இது முதல்ல அடிச்ச அசலா இருக்கலாமே?"

"தாராளமா இருக்கலாம். ஆனா அசல்னு சான்று குடுக்க, அடிச்சவன் வந்து சாட்சி சொல்லணும். அவன் அடிச்சதோ ரகசியமா. ஆகவே மேற்படி பொருள் அசலும் அன்று, மறுஅச்சும் அன்று. வகை நிர்ணயிக்க இயலாத உலோகம்."

ஹார்லனின் முகம் தொங்கிவிட்டது. தலைவருக்கு இரக்கம் சுரந்தது.

"வருத்தப்படாதீங்க. அந்தப் பழைய அச்சு இப்ப எங்ககிட்டதான் இருக்கு. உங்க காசை உள்ளே வெச்சு ஒரே ஒரு அடி. மறுபடி அடிச்சா மறுஅச்சுதானே? இதுல பொய் எங்கே இருக்கு?"

ஹார்லன் வெர்னாவை நினைத்தான். பிறகு தலைவரின் மேல்சட்டையில் மின்னிய சங்கத்து நீலப் பட்டையைப் பார்த்தான். வெர்னா வீட்டில் இருந்தாள், பட்டை கண்ணெதிரே இருந்தது. டமார் என்று ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

வருடாந்தர விருந்தில் கோழிக்கறியும் வெல்லப்பாகுப் பலகாரமும் பரிமாறினார்கள். கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் பெட்டிக்குள் முத்திரையிட்ட காசை ஹார்லனிடம் நீட்டி, நீலப் பட்டையைக் குத்திவிட்டார்கள். கைதட்டல் கூரையைப் பிளந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெர்னா பெட்டியை வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்தாள்.

"தாத்தா கட்டைவிரல் தேய்ச்ச வழவழப்பு எங்கே, ஹார்லன்?"

"இப்ப புதுசா பளபளன்னு இருக்கு பாரு."

"நான் குடுத்தது இது இல்ல." அவள் கண் கலங்கிவிட்டது. ஹார்லன் தட்டைத் தள்ளி வைத்தான். வெட்கமாக இருந்தது.

அப்போது தலைவர் எழுந்தார். "அன்பர்களே! நியூயார்க்கில் மோஸ்தர் மாறிவிட்டது. மறுஅச்சை இப்போது யாரும் சீந்துவதில்லை. ஒரு பெரிய அருங்காட்சியகம் நம்மிடம் அசல் காசு ஒன்று கேட்கிறது. கொடுப்பவர் பெயரைச் சலவைக்கல்லில் பொறிப்பார்களாம். யாரிடமாவது இருக்கிறதா?"

உறுப்பினர்கள் எல்லோரும் முன்னால் இருந்த அவரவர் காசுப் பெட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். ஒருவரும் நிமிரவில்லை.

வெர்னாவுக்குப் பட்டென்று விளங்கியது. "அட கடவுளே! எல்லாருமேவா?"

தலைவர் தொண்டையைக் கனைத்தார். "அம்மா, சங்கம் தொடங்கினப்ப மறுஅச்சு ஒருத்தர்கிட்டயும் இல்ல. எல்லார்கிட்டயும் அசல்தான். சங்கத்துப் பேருக்குத் தகுந்தபடி நடக்க வேணாமா? முதல் அடி என் காசுக்குத்தான்."

பிறகு அவர் சபையின் பக்கம் திரும்பி, அசல் காசு என்று ஒன்று எக்காலத்திலும் இருந்ததே இல்லை என்று அருங்காட்சியகத்துக்குத் தெரிவிப்பதாகத் தீர்மானம் கொண்டுவந்தார். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார்.

ஹார்லன் ஒருமுறை மனைவியைப் பார்த்தான். வாக்களிப்பது உறுப்பினராக அவனுடைய முதல் கடமை. கையைத் தூக்கினான்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.