பாதுஷாவின் தொண்டையும் மாம்பழ மஞ்சள் பட்டும்

கால்நடை மருத்துவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. நாம் தப்பாக வைத்தியம் பார்த்தாலும் நோயாளி வெளியே போய்ச் சொல்லாது. பட்டம் வாங்கிய முதல் வருஷம் இந்தச் சௌகரியத்தை நம்பித்தான் கொச்சி மட்டாஞ்சேரியில் தைரியமாகத் தொழில் செய்தேன். பாதுஷா என்ற வெள்ளைக் குதிரை மட்டும் சொல்லிவிட்டது. அதுவும் ஒரு கல்யாண ஊர்வலத்தில், முந்நூறு பேர் முன்னால்.

பாதுஷாவின் சொந்தக்காரர் ஹம்சக்கா (அக்கா இல்லை, இக்கா; அங்கே முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்). கல்யாணங்களுக்குக் குதிரை வாடகைக்கு விடுகிறவர். அந்தியூர்க் குதிரைச் சந்தைக்குப் போய்வந்து தமிழும் பேசுவார். ஒருநாள் காலையில் குதிரையை என் கிளினிக் வாசலுக்கே கூட்டிவந்தார்.

"டாக்டரே, ஓடும்போ இவன்கிட்ட ஒரு சத்தம். மூச்சு உள்ளே எடுக்கும்போ மாத்திரம். வெளியே விடும்போ ஒண்ணும் இல்லை, கேட்டோ."

இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாது. நான் காது கொடுத்தால்தானே? அதுவரை நான் பார்த்த மிகப் பெரிய நோயாளி ஒரு சினை ஆடு. ஸ்டெதாஸ்கோப்பை மார்பில் வைத்தேன், விலாவில் வைத்தேன். தொண்டைப் பக்கம் போகவேயில்லை (அந்தப் பக்கம் பல் இருக்கிறது). பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "தூசி அலர்ஜி. வைக்கோலை நனைச்சுப் போடுங்கோ. ஞாயித்துக்கிழமை கல்யாணத்துக்குத் தாராளமா போகலாம்" என்றேன்.

"தொண்டை நோக்க வேண்டாமா டாக்டரே?"

"ஹம்சக்கா, டாக்டர் நானா நீங்களா?"

(ஞாயிற்றுக்கிழமை பார்த்தால், அவர்தான்.)

அது குஜராத்தித் தெருக் கல்யாணம். மாப்பிள்ளை ஹிரேன். அவர் வீட்டு நாய்க்கு ஊசி போடுகிறவள் என்ற முறையில் எனக்கும் அழைப்பு. அம்மாவின் மாம்பழ மஞ்சள் பட்டைக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். மண்டபத்துக்கு ஐம்பதடி இருக்கும்போது, மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்த பாதுஷா மூச்சை இழுத்தது. மரம் அறுக்கிற சத்தம். பேண்டு மாஸ்டர், யார் சுருதி தப்பினார்கள் என்று திரும்பி முறைத்தார். அடுத்த மூச்சில் குதிரையின் கால்கள் நடுங்கின. நாக்கு நீலம் பாரித்தது.

"டாக்டர், ஞான் இறங்கட்டே?" என்றார் ஹிரேன், மேலேயிருந்து.

"இறங்குங்கோ! சீக்கிரம்!"

ஹம்சக்கா என்னைப் பார்த்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூச்சை இழுக்கும்போது மட்டும் சத்தமென்றால் அடைப்பு மார்பில் இல்லை, தொண்டையில். அடைப்புக்குக் கீழே ஒரு வழி திறக்காவிட்டால் குதிரை சில நிமிஷங்களில் செத்துவிடும். இந்தச் சிகிச்சையைக் கல்லூரியில் ஒரே ஒரு தடவை, பின்வரிசையில் நின்று பார்த்திருக்கிறேன் (முன்னால் நின்றவன் உயரம்).

ஓடிப்போய் ஸ்கூட்டரிலிருந்து பையை எடுத்துவந்தேன். கத்தி இருந்தது, மரத்துப்போக ஊசி இருந்தது. குழாய் இல்லை. மண்டப வாசலில் தொட்டிக்குத் தண்ணீர் நிரப்பும் தடித்த ஹோஸ் கிடந்தது. அதில் ஒரு சாண் நறுக்கி ஸ்பிரிட்டில் கழுவினேன். ஹம்சக்கா தலையைப் பிடித்துக்கொண்டார். ஊசியைப் போட்டு, கழுத்தின் நடுக்கோட்டில் கீறி, மூச்சுக்குழாயின் இரண்டு வளையங்களுக்கு நடுவே கத்தியைச் செருகினேன். புஸ்ஸென்று காற்று சீறியது. ரத்தமும் சளியும் என் புடவை மேல். ஹோஸை உள்ளே நுழைத்தேன். மரமறுக்கும் சத்தம் சட்டென்று நின்றது. பாதுஷா ஆழமாக ஒரு மூச்சு விட்டது. நாக்கு மெதுவாகச் சிவந்தது.

"குழாயைக் கட்ட ஒரு துணி!" என்று கத்தினேன். ஹிரேன் யோசிக்காமல் தன் தலைப்பாகையை அவிழ்த்துக் கொடுத்தார். குதிரை கழுத்தில் சரிகைத் தலைப்பாகை, மாப்பிள்ளைக்கு வெறுந்தலை! கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பேண்டு மாஸ்டர் எனக்காகத் தனியாக ஒரு பாட்டே வாசித்தார்.

மறுநாள் பெரிய மிருக ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தோம். குரல்வளை வாசலில் இரட்டைக் கதவு போல இரண்டு குருத்தெலும்புகள் உண்டு. மூச்சை இழுக்கும்போது விலகித் திறக்க வேண்டும். இடது கதவில் கிருமி புகுந்து, அது இரண்டு மடங்கு வீங்கி வழியை மறித்துக்கொண்டிருந்தது. கிருமிக்கு மருந்து, வீக்கத்துக்கு மருந்து, முழு ஓய்வு. தினமும் காலையில் மெல்லிய குழாயை மூக்கில் விட்டுத் தொண்டையில் மருந்து தெளித்தது நான்தான் (ஆமாம், பல் இருக்கும் பக்கம் நின்றுகொண்டு). வீக்கம் வடிந்ததும் ஹோஸை எடுத்தேன். ஓட்டை தானாக மூடிக்கொண்டது. மறுபடி கேமராவில் பார்த்தபோது இரண்டு கதவும் ஒழுங்காகத் திறந்தன.

போர்ட் கொச்சிக் கடற்கரையில் பாதுஷாவை ஓடவிட்ட அன்று, ஹம்சக்காவும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். குளம்புச் சத்தம் மட்டும்தான். "என்னை மன்னிச்சுடுங்கோ ஹம்சக்கா" என்றேன்.

"போட்டே, விடுங்க டாக்டரே. வாங்க, ஒரு சாயா குடிப்போம்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

குதிரை பிழைத்தது, புடவை பிழைக்கவில்லை. எங்கள் சொந்தக்காரர்கள் அன்று முதல் என்னை எந்தக் கல்யாணத்துக்கும் சும்மா அழைப்பதில்லை. போன மாதம் பாலக்காட்டு அத்தை, பெண் கல்யாணத்துக்குப் போனில் கூப்பிட்டாள்.

"குடும்பத்தோட வந்துடணும். ஆனா உன் பையை ஆத்துலயே வெச்சுட்டு வாடி. மாப்பிள்ளைக்கு லேசா இருமல் இருக்கு."