உச்சிவேளைக்காரிக்கு ஒரு துண்டு சீஸ்

எனக்குப் பேய் நம்பிக்கை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பெயர் சோலைராஜ். வீடு இடைசெவல் பக்கம், ஊரின் கடைசி வீடு. பின்வாசலைத் திறந்தால் கரிசல் காடு. மாசி மாதம் பிறந்துவிட்டால் அறுத்துப் போட்ட காட்டில் ஆள் கிடையாது, மாடு கிடையாது, வெடித்த மண்ணும் வெயிலும்தான். சர்க்கரை வந்து ஆறு வருடமாகிறது. கோவில்பட்டியில் பிழைப்பு நடத்திக்கொண்டு கடலைமிட்டாய் தின்னக்கூடாது என்பது எப்பேர்ப்பட்ட தண்டனை தெரியுமா? பாகு காய்ச்சுகிற தெருவை மூச்சைப் பிடித்துக்கொண்டு கடக்கிற ஒரே மனிதன் நான்தான்.

இந்த நிலையில் வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்த மகள் ஆனந்தி ஒரு கட்டியை வைத்துவிட்டுப் போனாள். கடலைப் புண்ணாக்கை உடைத்து வைத்த மாதிரி ஒரு முக்கோணம். மஞ்சள் நிறம், ஓரத்தில் கெட்டித் தோல். சீஸாம். பீட்சாவில் நூல் நூலாக இழுக்குமே, அது இல்லை. மாதக்கணக்கில் பழுக்கவைத்தது.

"அம்மாவுக்கு எலும்பு தேஞ்சிருக்குன்னு டாக்டர் சொன்னாருல்லப்பா, அதுக்குத்தான். கால்சியம் இருக்கு, புரதம் இருக்கு. ஒரு நாளைக்கு ஒரு தீப்பெட்டி அளவு போதும். பிரிஜ்ஜுல இருந்து எடுத்து அரை மணி நேரம் வெளிய வச்சுத் தின்னாத்தான் வாசம் எழும்பும்."

"எனக்கு?"

"ஒங்களுக்குப் பிரஷரு. அதுல உப்பு இருக்கு. தொடாதீங்க."

தொட்டேன். அவள் விமானம் ஏறுவதற்கு முன்னாலேயே தொட்டேன். ஒரு துணுக்கு, நகக்கண் அளவு. நாக்கில் வைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வறுத்த கடலை! அடியில் கொஞ்சம் நெய், நுனியில் கொஞ்சம் உப்பு. பாகு மட்டும்தான் இல்லை. ஆறு வருடம் கழித்து என் கடலைமிட்டாய் வேறு வேஷத்தில் வீட்டுக்கு வந்திருக்கிறது.

என் மனைவி அழகுத்தாயிடம் நியாயமாகப் பேசிப் பார்த்தேன்.

"ஏட்டி, தீப்பெட்டி அளவுன்னு சொன்னாளே, எந்தத் தீப்பெட்டி? எங்க ஆபீசுலயே நாலு சைசு ஓடுது." அடுப்படிக்கென்று விற்கிற பெரிய பெட்டியை நீட்டினேன். "இத வச்சு வெட்டு. ஒனக்குப் போக மிஞ்சுனத நான் பாத்துக்கிடுதேன்."

அவள் அதை வாங்கவேயில்லை. பூஜை மாடத்திலிருந்து சின்னப் பெட்டியை எடுத்து, குச்சிகளைக் கொட்டி, உள்பெட்டியை மட்டும் உருவிக் கட்டியின் மேல் வைத்து வெட்டினாள்.

"மிஞ்சலையே," என்றாள்.

அன்றிலிருந்து தினமும் அந்தத் துண்டைக் கம்பு தோசைமேல் துருவிப் போட்டு எனக்கு முன்னாலேயே உட்கார்ந்து தின்றாள். கல்லில் பட்டதும் சீஸ் உருகி, ஓரம் முறுகி, வீடு முழுக்க வறுகடலை வாசம். எனக்கு வெறும் தோசை. அவள் முழங்கால் வலி உண்மை. மாடிப்படியைப் பிடித்துப் பிடித்து ஏறுவாள், பார்க்கவே கஷ்டமாக இருக்கும். அது எனக்கும் தெரியும். ஆனால் நாக்குக்குத் தெரியவில்லையே! மத்தியானம் சாப்பிட வரும்போது, அவள் குளிக்கப் போகிற நேரம் பார்த்துக் கட்டியைச் சுரண்ட ஆரம்பித்தேன்.

நான்காம் நாள் கேட்டாள். "என்னங்க, கட்டி இளைச்சுக்கிட்டே போவுதே?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "இளைக்காம என்ன செய்யும்? உச்சி வேளையில வாசத்தக் கெளப்புதே. பக்கத்துல ஒரு கரித்துண்டு வச்சியா? ஒரு இரும்பாணி?"

எங்கள் பக்கத்தில் வாசமுள்ள பண்டத்தை உச்சி வேளையில் வெறுமனே எடுத்துப்போகமாட்டார்கள். கறியோ பணியாரமோ, மேலே ஒரு கரித்துண்டு இருக்கும். இல்லையென்றால் ஏதாவது கூடவே வந்துவிடும் என்பார்கள்.

அழகுத்தாய் முகம் மாறியது. "எது வந்துச்சு?"

"நானே பாத்தேன். காட்டுப் பக்கம் ஒருத்தி நின்னா. பருத்தி எடுக்க வந்து, கஞ்சி குடிக்காம வெயில்ல சுருண்டு செத்தவளாம். உச்சிவேளைக்காரி. பசி இன்னும் அடங்கல."

"ஐயோ! என்ன செய்ய?"

"அவ பங்க அவளுக்கு வச்சிரு. பின்னால பம்புசெட்டுக் கிட்ட ஒரு தட்டுல வச்சு, எலையப் போட்டு மூடிட்டு, திரும்பிப் பாக்காம வந்துரணும். பாத்த... கண்ணு போயிரும்."

சொல்லி முடித்ததும் எனக்கே உடம்பு சிலிர்த்தது. பொய்தான். ஆனால் சொல்லும்போதே என் மனசுக்குள் அந்தப் பேய்க்கு ஒரு சீலை நிறம் வந்துவிட்டது, வெளுத்த ஊதா. ஒரு முகமும் வந்துவிட்டது.

மறுநாள் மணி பன்னிரண்டு. அழகுத்தாய் தட்டை வைத்தாள், ஆமணக்கு இலையால் மூடினாள், திரும்பிப் பார்க்காமல் போனாள். பம்புசெட்டின் மறைவிலிருந்து நான் வந்தேன். இலையைத் தூக்கினேன். உள்பெட்டி அளவு, துளி குறையாமல்! வெயிலில் லேசாக எண்ணெய் பூத்து, வாசம் எழும்பி... மகள் சொன்னது சரிதான், வெளியே வைத்துத் தின்றால்தான் ருசி. அதற்கடுத்த நாளும் தின்றேன். பேயாக இருப்பது இவ்வளவு சுகமா என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் இலையைத் தூக்கினேன். தட்டு காலி.

நாயா? நாய் இலையை எடுத்துத் திரும்ப மூடுமா? காக்காயா? காக்காயும் அப்படித்தான். இலை வைத்தது வைத்தபடி இருந்தது. தட்டில் ஒரு பிசுக்குக்கூட இல்லை. காட்டைப் பார்த்தேன். கானல் நெளிந்துகொண்டிருந்தது. அந்த நெளிச்சலுக்குள் ஊதாவாக ஏதோ இருப்பது போலவும் இல்லாதது போலவும் பட்டது. காலில் செருப்பில்லை என்பதே வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் தெரிந்தது.

அன்றைக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. யாரிடம் சொல்வது? பொண்டாட்டியிடம் சொன்னால், "நீங்க அங்கன எதுக்குப் போனீங்க?" என்று கேட்பாள். இல்லாத ஒருத்தியை நான்தான் உண்டாக்கினேன். பசியைக் கொடுத்தேன், சீலையைக் கொடுத்தேன், மணி பன்னிரண்டு என்று நேரமும் கொடுத்தேன். இப்போது அவள் சரியாக வந்துகொண்டிருக்கிறாள்.

நான்காம் நாள் வெயிலுக்கு முன்பே போய் ஒளிந்துகொண்டேன். அழகுத்தாய் வந்தாள், வைத்தாள், மூடினாள், போனாள். ஒரு ஈ, குருவி இல்லை. தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை நான். வேர்வை கண்ணுக்குள் இறங்கியது, துடைக்கவில்லை. காட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம். கிளிக். கொஞ்சம் தள்ளி, கிளிக். கிளிக். வரவரப் பக்கத்தில். மெட்டி போட்ட கால் கல்லில் படுகிற மாதிரி.

பிறகு காட்டின் நடுவில் மண் எழுந்தது. ஓர் ஆள் உயரத்துக்குக் கரும்புழுதி, சுற்றிக்கொண்டே நேராக என் பக்கம் வந்தது. எங்களூரில் அதைப் பேய்க்காற்று என்போம். சின்ன வயதில் அதைப் பார்த்துத் துப்பிவிட்டு ஓடியிருக்கிறேன். இப்போது வாயில் எச்சில் இல்லை. அது தட்டின் மேல் வந்து நின்றது. நின்றது என்றால் நின்றது! தட்டு ணங் என்று ஒரு சுற்றுச் சுற்றியது. இலை மேலே பறந்தது. புழுதி விலகியபோது தட்டு என்னைப் பார்த்து மின்னியது. காலி.

எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியாது. நடுவீட்டில் கிடந்தேன். உடம்பு அனலாகக் கொதித்தது. தலைமாட்டில் அழகுத்தாய், கால்மாட்டில் பக்கத்து வீட்டுச் சுடலையம்மாள்.

"வந்துருச்சு... ஊதாச் சீல... எங்கண்ணு முன்னால தின்னுட்டுப் போயிருச்சு..." என்றேன்.

சுடலையம்மாள் என் கண் இமையை விரித்துப் பார்த்தாள். "அண்ணாச்சி, அவ பண்டத்த எப்பவாச்சும் நீங்க தொட்டியளா?"

உயிரா மானமா? உயிர்தான். "ரெண்டு நாள்," என்றேன்.

"அதான். அவ பங்கத் தின்னவுகள அவ விடமாட்டா. சுடலைமாடசாமி முன்னால சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணணும். ஒரு மண்டலம் அந்தப் பண்டத்தத் தொடுததில்லன்னு."

"நாப்பத்தெட்டு நாளா?"

"சீலை என்ன நெறம்னு சொன்னிய?"

"பண்ணுதேன், பண்ணுதேன்!"

அன்று சாயங்காலமே பீடத்துக்கு முன்னால் நின்று, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். கை சுட்டது. மனசு குளிர்ந்தது. காய்ச்சலும் இறங்கிவிட்டது.

மறுநாள் மத்தியானம். அழகுத்தாய் எனக்கு எதிரே உட்கார்ந்து சீஸ் போட்ட தோசையைப் பிய்த்தாள். பின்வாசல் திறந்தே கிடந்தது.

"ஏட்டி, மணி பன்னெண்டு! பம்புசெட்டுக்கிட்ட தட்டு வைக்கலையா?"

"இனிமே எதுக்கு?"

"எதுக்கா? வெறுந்தட்டப் பாத்தா அவ சும்மா இருப்பாளா?"

"ரெண்டு நாளா சும்மாதான இருந்தா." நிதானமாக மென்றாள். "மொத ரெண்டு நாளு வச்சேன். ரெண்டு நாளும் ஒங்க மீசையில அந்த வாசம். மூணாம் நாள்ல இருந்து வெறுந்தட்டத்தான் எலையால மூடி வச்சேன்."

மீசையைத் துடைத்துக்கொண்டேன். "அந்தக் காத்து?"

"மாசி மாசம் காத்து சுத்தாம என்ன செய்யும்?"

"மெட்டிச் சத்தம்?"

"வெயில்ல ஆமணக்குக் காயி வெடிக்கிறது கூடவா தெரியாது? கரிசக்காட்டுல பொறந்தவிய பேசுத பேச்சா இது?"

கோபம் வந்தது, வெட்கம் வந்தது. இரண்டும் சண்டை போட்டு முடிப்பதற்குள் அவள் அடுத்த வாயை எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"ஒங்க மொகத்தப் பாக்கவும் பாவமாத்தான் இருந்துச்சு. முந்தாநாளு டாக்டருக்குப் போன் போட்டேன். சக்கர இல்லாத பண்டம்தான், ஊறுகாய் அப்பளத்த விட்டுட்டா தெனமும் பாதிப் பெட்டி அவிய தின்னலாம்னாரு. நேத்து மத்தியானம் அடுப்படியில ஒங்க பங்க வெட்டித்தான் வச்சிருந்தேன். அதுக்குள்ள பேயடிச்சு வந்து விழுந்தீங்க."

"அப்ப குடு!"

"சூடம் அணைச்சிருக்கீங்க. சாமி குத்தம் வராதா?"

அவள் முழங்கால் இப்போது பரவாயில்லை. துருவும்போது மட்டும் கை வலிக்கிறதாம். ஆகவே தினமும் உச்சி வேளையில் அவளுக்குச் சீஸ் துருவிக் கொடுப்பது நான்தான், வாசம் பிடித்தாலும் சத்தியம் முறிந்துவிடும் என்று மூக்கில் துண்டைக் கட்டிவிட்டிருக்கிறாள்.