பச்சை டிக் வந்துச்சா?

ஏழு கேள்விக்கும் முட்டை வாங்கியே தீருவது என்ற முடிவோடு அன்று காலை கிளம்பினேன்.

வயிற்று எரிச்சலோ கால் வலியோ, எங்கள் கிளினிக்கில் முதலில் ஒரு தொடுதிரை டேப்லெட்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள். இரண்டு வாரமாக எத்தனை நாள் கவலை, எத்தனை நாள் படபடப்பு என்று ஏழு கேள்வி. மதிப்பெண் ஏற ஏற, ஆள் அவ்வளவு பதற்றப் பேர்வழி.

பந்தயம் கட்டியது என் மனைவி. "உங்களுக்குப் பதற்றம்னு டாக்டர் சொல்லிட்டா வீட்டுச் சாவி இனிமே என்கிட்ட. பூட்டை ஒருத்தரும் இழுத்துப் பாக்கக் கூடாது."

"சொல்லலைன்னா?"

"பயந்தாங்கொள்ளின்னு கூப்பிட மாட்டேன்."

பூட்டை நான் ஆறு முறை இழுத்துப் பார்ப்பது உண்மைதான். அதனால் பூட்டுக்கு என்ன நஷ்டம்? சாவி கையில் இல்லாமல் தெருமுனை தாண்டுவதை நினைத்தாலே எனக்கு வியர்த்தது.

கிளினிக்கில் டேப்லெட் கைக்கு வந்ததும் விறுவிறுவென்று தட்டினேன். ஓரிடத்தில் உட்கார முடியாத பரபரப்பு? இல்லவே இல்லை. ஏதோ விபரீதம் நடக்கப்போகிற பயம்? இல்லவே இல்லை. டேப்லெட்டை நர்ஸிடம் கொடுத்துவிட்டு வந்து, மனைவி பக்கத்தில் கால்மேல் கால் போட்டு அமர்ந்தேன்.

பத்திரிகையிலிருந்து தலை நிமிராமல் மனைவி கேட்டாள்.

"பச்சை டிக் வந்துச்சா?"

"எந்த டிக்?"

"பதில் பதிவானா வருமே. வரலைன்னா எல்லாம் போச்சாம்."

கால் தானாகக் கீழே இறங்கியது.

"சிஸ்டர், பதிவாயிடுச்சா?"

"ஆயிடுச்சு சார்."

உட்கார்ந்தேன். நாலாவது கேள்வியில் விரல் வழுக்கியிருந்தால்? எழுந்தேன். என் பெயரில்தான் பதிவானதா? மறுபடி எழுந்தேன்.

"சார், தரை தேஞ்சிடும்," என்றார் நர்ஸ்.

உள்ளே டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "பூஜ்யம்! பிரமாதம் சார்."

மனைவியை ஒரு பார்வை பார்த்தேன். அவள் டோக்கன் சீட்டைத் திருப்பி மேஜைமேல் வைத்தாள். பின்பக்கம் பேனாவால் பதினோரு கோடு.

"இது என்னம்மா?"

"பதில் பதிவாச்சான்னு இவரு எழுந்துபோய்க் கேட்ட தடவை, டாக்டர். இருபது நிமிஷத்துல."

டாக்டர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஏழு கேள்வியையும் வாயாலேயே கேட்டார். மூன்றாவதிலேயே உளறிவிட்டேன்.

"பதற்றம்தான் சார். இதுல மறைக்க என்ன இருக்கு? சரி பண்ணிடலாம்."

"அந்தப் பச்சை டிக்காவது வந்துச்சா டாக்டர்?"

"பச்சை டிக்கா? அப்படி ஒண்ணு இதுல கிடையாதே."

வெளியே வந்ததும் மனைவி கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன். "பத்திரமா வெச்சுக்குவியா?" என்று நான் கேட்டது ஐந்தே தடவைதான்.