தற்காலிகச் சித்தி

அன்பும், அதைவிடச் சற்றுக் கூடுதலாக மரியாதையும் கொண்ட அக்காவுக்கு, தம்பி எழுதிக்கொள்வது.

இங்கே நானும் என் மனைவியும் மகளும் புகார் சொல்ல முடியாத அளவுக்கு நலம். அங்கே உன் முழங்காலும், அத்தானின் இடது காதும், உன் இரண்டு மருமகள்களின் பொறுமையும் சென்ற மாதம் இருந்த நிலையிலேயே இருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேசாமல் ஏன் கடிதம் எழுதுகிறேன் என்று கேட்பாய். போன் என்றால் நீ பேசுவாய். கடிதத்தில் நான் முடிக்கும்வரை நான் மட்டும்தான் பேச முடியும். அறுபத்து மூன்று வயதில் எனக்கு இந்த வசதி தேவைப்படுகிறது.

வருகிற சனிக்கிழமை என் மகள் வேலை பார்த்த கார்ட்டூன் படத்தின் முதல் காட்சி. குடும்பத்துக்கென்று ஐந்தாவது வரிசையில் பன்னிரண்டு இருக்கைகள் ஒதுக்கியிருக்கிறார்கள். நீயும் வருகிறாய் என்று அத்தான் சொன்னார். அதற்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் படித்து, இதோடு வைத்திருக்கும் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, வெள்ளிக்கிழமைக்குள் எனக்குக் கிடைக்கும்படி அனுப்ப வேண்டும். எதற்கு என்பதைக் கீழே விளக்கியிருக்கிறேன். உட்கார்ந்து படிக்கவும்.

படம் உனக்குத் தெரிந்த கதைதான். தாயில்லாத ஒரு பெண், அவளை வேலை வாங்கும் சித்தி, சித்திக்கு இரண்டு மகள்கள், அரண்மனையில் விருந்து, மணி பன்னிரண்டு, படிக்கட்டில் கழன்று விழும் கண்ணாடிச் செருப்பு. எல்லோரும் சொல்லிச் சலித்த கதையை எதற்கு மறுபடி வரைகிறீர்கள் என்று டைரக்டரை ஒரு நாள் கேட்டேன். ஆபீஸில் அவரைத் தாடி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர், "அதனாலதான் சார். கதை தெரிஞ்சதுன்னா யாரும் கதையைக் கவனிக்க மாட்டாங்க, மத்ததையெல்லாம் கவனிப்பாங்க" என்றார். அந்த மற்றதில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

சென்ற வருஷம் ஒரு நாள் மகள் மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனாள். அதைக் கொடுக்க அவள் ஆபீஸுக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் இது ஏதோ சிகிச்சை நடக்கும் இடம் என்று நினைத்துத் திரும்பிவிட்டேன். முப்பது பேர் முப்பது மேஜையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு முகம் பார்க்கும் கண்ணாடியை எதிரே வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மேஜைக்கடியில் எலி மாதிரி குந்தியிருந்தார், எலி வரைபவராம். என் மகளின் வேலை உதடு. படத்தில் யார் பேசினாலும் அந்த எழுத்துக்குத் தக்கபடி வாயைத் திறந்து மூடவைப்பது. குரலை முதலில் பதிவுசெய்துவிட்டு, அதைக் கேட்டுக் கேட்டுத்தான் வாய் வரைவார்கள். பெரிய நடிகர்கள் வந்து பேச நாளாகும் என்பதால், அதுவரை ஆபீஸில் கையில் சிக்கியவரைப் பேசவைத்து வேலையைத் தொடங்கிவிடுவார்கள். இதற்குத் தற்காலிகக் குரல் என்று பெயர். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல என்று வைத்துக்கொள். சித்திக்குத் துண்டு போட இருந்த பெண் அன்றைக்குப் பிரசவ லீவில் போய்விட்டாள். தாடி சுற்றுமுற்றும் பார்த்தார். நான் மூக்குக் கண்ணாடியோடு நின்றுகொண்டிருந்தேன்.

"சார், ரெண்டு நிமிஷம் வந்து பேசிட்டுப் போங்க" என்றார். "நான் ஆம்பளைங்க" என்றேன். "எப்படியும் அழிச்சிடப் போறோம் சார்" என்றார். சுவரெல்லாம் மெத்தை ஒட்டிய ஒரு சின்ன அறையில் என்னை நிறுத்தி, மைக்குக்குப் பக்கத்தில் ஒரு கேமராவையும் வைத்து, கையில் தாளைக் கொடுத்தார்கள். அதில், "சித்தி திட்டுகிறாள், முப்பது விநாடி" என்று மட்டும் இருந்தது. என்ன சொல்லித் திட்டுவது என்று கேட்டேன். உங்கள் இஷ்டம் என்றார்கள். அக்கா, நான் முப்பத்து மூன்று வருஷம் எடை அளவு ஆய்வாளராக இருந்து எத்தனையோ கடைத் தராசுகளைப் பறிமுதல் செய்தவன். ஒருவரையும் வாயால் திட்டியதில்லை, எல்லாம் நோட்டீஸ்தான். எனக்குத் திட்டத் தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். திறந்த வாயில் நீ வந்தாய்.

என் குற்றம் இவ்வளவுதான். நான் உன்னைத் தேடிப் போகவில்லை. பிறந்ததிலிருந்து நான் ஆரம்பம் முதல் முடிவு வரை கேட்ட திட்டு உன்னுடையது ஒன்றுதான்; வேறு சரக்கு என்னிடம் இல்லை. "நான் ஒண்ணும் சொல்லல" என்று ஆரம்பித்தேன். பிறகு, "துடைச்சிருக்க, சரி. தரைக்கே தெரியாமத் துடைச்சிருக்க" என்றேன். இது எனக்குக் கல்யாணமான இரண்டாவது வாரம் நீ என் மனைவியிடம் சொன்னது. நான் அப்போது அந்த ஈரத் தரையில்தான் நின்றுகொண்டிருந்தேன் என்பதால் ஒரு வார்த்தைகூட மாறவில்லை. அந்தப் பெண் விருந்துக்குப் போகலாமா என்று கேட்கும் இடத்தில், "போயேன், யாரு வேணாம்னா? தாராளமாப் போ. நான் ஒருத்தி இருக்கேன்ல, எல்லா வேலையும் பாத்துக்கிட்டு இங்கயே விழுந்து கிடக்க" என்றேன். இது என் மனைவி அவள் தங்கை கல்யாணத்துக்குக் கிளம்பியபோது நீ சொன்னது. கண்ணாடிச் செருப்பைக் காட்டியதும், "இதென்ன செருப்பு? மழை பெஞ்சா வழுக்காது?" என்றேன். இதை நீ எப்போதும் சொன்னதில்லை. ஆனால் காட்டியிருந்தால் சொல்லியிருப்பாய்.

வெளியே வந்தபோது ஒலிப்பதிவாளர் நாற்காலியிலிருந்து கீழே இறங்கி உட்கார்ந்திருந்தார். சிரித்ததில் இறங்கிவிட்டாராம். என் மகள் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்பா, இது அத்தைதானே?"

"எந்த அத்தை?"

"எனக்கு எத்தனை அத்தை இருக்காங்க?"

அழிக்கத்தானே போகிறார்கள் என்று சமாதானம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர்கள் அழிக்கவில்லை. எட்டு மாதம் என் மகள் அந்தக் குரலுக்கு வாய் வரைந்தாள். பதினோராயிரம் வாய். கேமராவில் என்னைப் பிடித்தது எதற்கு என்று அப்போது நான் கேட்கவில்லை. அதைப் பார்த்துத்தான் சித்தியை வரைந்திருக்கிறார்கள். எனக்கே தெரியாமல் நான் இடது கையை இடுப்பில் வைத்திருக்கிறேன். எதிரே நிற்பவரை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திட்டியிருக்கிறேன். மேஜைமேல் யாரோ மடித்துவைத்த துண்டை உதறி மறுபடி மடித்திருக்கிறேன். இவை யாருடைய பழக்கம் என்று நான் சொல்லப் போவதில்லை.

கடைசியில் நிஜமான நடிகைகளைக் கூப்பிட்டார்கள். மூன்று பேர் வந்தார்கள். முதலாமவர் கத்தினார், படத்தில் இருக்கும் வாயோ கத்துகிற வாய் இல்லை, அமைதியாகச் சாகடிக்கிற வாய். இரண்டாமவர் நன்றாகப் பேசினார், ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் படத்தில் இருக்கும் புருவம் முன்னாலேயே போய் நின்றது. மூன்றாமவர் என் குரலைக் கேட்டுவிட்டு, "இதைப் பேசறதுக்கு எனக்கு இன்னும் வயசு பத்தாது" என்று சொல்லிப் போய்விட்டார். தாடி வீட்டுக்கே வந்து, "சார், நீங்கதான் சித்தி" என்றார். நான் மீசையைக் காட்டினேன். அது குரலில் தெரியாது என்றார். ஆபீஸுக்குக் கூட்டிப் போய், குரலைப் பெண் குரலாக்கும் ஏதோ ஒரு பொத்தானை அரை அங்குலம் மேலே தள்ளிப் போட்டுக் காட்டினார்கள். அக்கா, நான் எழுந்து நின்றுவிட்டேன். உட்கார்ந்துகொண்டு உன் குரலைக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

இப்போது டிரெய்லர் வந்துவிட்டது. இரண்டு நிமிடம், அதில் முக்கால்வாசி சித்திதான். பால் போடுபவர் நேற்று என்னிடம், "நான் ஒண்ணும் சொல்லல சார், பாத்திரத்தைக் கழுவாம வெச்சிருக்கீங்க" என்றார். பள்ளிக்கூட வேனில் பிள்ளைகள் அதையே கோரஸாகச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். என் மனைவி டிரெய்லரை ஒரே ஒரு முறை பார்த்தாள். கடைசி வரை பார்த்தாள். பிறகு எழுந்து போய், நான் மடித்துவைத்திருந்த துண்டுகளை மறுபடி மடித்தாள். அன்றைக்கு அவள் தூங்கிய தூக்கத்தை முப்பத்தாறு வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

இனிப் படிவம். கம்பெனி வக்கீல் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். "இக்குரல் உயிரோடுள்ள எவரையேனும் ஒத்திருக்கிறதா?" என்ற கேள்விக்கு எதிரே இரண்டு கட்டம். "இல்லைன்னு ஒரு டிக் போட்டுடுங்க சார், எல்லாரும் அதான் செய்வாங்க" என்றார். போடப் போனேன். பேனா எழுதவில்லை. வேறு பேனா கொடுத்தார், அதுவும் எழுதவில்லை. பேனாவில் கோளாறு இல்லை என்று அதே பேனாவால் வக்கீல் எழுதிக் காட்டினார். ஐந்து கிராம் குறைந்த எடைக்கல்லுக்குக்கூட முத்திரை குத்தாத கை, அக்கா, அது கேட்கவில்லை. "ஆம்" என்ற கட்டத்தில் டிக் போட்டேன். பேனா அருமையாக எழுதியது. ஆம் என்றால் அந்த நபரிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து வேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் சித்தியின் குரலை எடுத்துவிட்டு வேறு யாரையாவது போட்டு ஓட்டிவிடுவார்கள். வாய் ஒரு பக்கம் போகும், பேச்சு ஒரு பக்கம் போகும். பார்ப்பவர்கள் வக்கீலைத் திட்ட மாட்டார்கள். உதடு வரைந்தது யார் என்றுதான் கேட்பார்கள். இந்தப் படத்தில்தான் முதல் தடவையாக என் மகளின் பெயர் திரையில் தனி வரியில் வருகிறது. அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "நீங்க பொய் சொல்ல வேணாம்ப்பா" என்றாள். சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் போய்ப் படுத்துவிட்டாள்.

உனக்குக் கோபம் வரும் என்று எனக்குத் தெரியும். உன் பெரிய மருமகள் போட்ட டீயை நன்றாக இருக்கிறது என்று சொன்னதற்காக நீ என்னோடு எட்டு மாதம் பேசவில்லை. அந்த எட்டு மாதமும் ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அதை மறுபடி தாங்க எனக்குத் தெம்பில்லை. ஆகவே சில நல்ல விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் படத்தில் சித்திக்குத் தண்டனை கிடையாது. கடைசியில் அரண்மனைக் கல்யாணத்துக்கு அவளும் வந்து, விருந்து மேஜைத் துணிகளையெல்லாம் உதறி மறுபடி மடிக்கிறாள். நாற்பது பிள்ளைகளுக்குப் படத்தை முன்கூட்டியே காட்டி, யாரை ரொம்பப் பிடித்தது என்று எழுதச் சொன்னார்கள். முப்பத்தொரு பேர் சித்தி என்று எழுதினார்கள். ஏன் என்ற இடத்தில் பலரும் எழுதியது ஒன்றுதான்: "எங்க வீட்லயும் ஒருத்தங்க இருக்காங்க." இளவரசனுக்கு ஒரு ஓட்டுகூட இல்லை.

ஆகையால், கையெழுத்தைப் போட்டு அனுப்பிவிடு. சனிக்கிழமை முழங்கால் வலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டால் உத்தமம். வந்தே தீருவதென்றால் கடைசி வரிசையில் உட்கார். எப்படியானாலும் மருமகள்களை அழைத்து வர வேண்டாம்.

என் வணக்கத்தை அத்தானின் வலது காதில் சொல்லவும். மருமகள்களுக்கு என் ஆசிகளை நீ சொல்ல வேண்டியதில்லை. நானே நேரில் சொல்லிக்கொள்கிறேன். நீ நூறு வயது இருந்து எங்களையெல்லாம் திருத்திக்கொண்டிருக்க வேண்டும் என்று வேண்டும்,

உன் கீழ்ப்படிந்த தம்பி.

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்து உறையில் உன் விலாசத்தையும் எழுதியபோது உன் பெரிய மருமகளிடமிருந்து போன் வந்தது.

"மாமா, அத்தை அந்த டிரெய்லரைப் பாத்துட்டாங்க."

"எப்போ?"

"போன வாரமே. தினம் ரெண்டு தரம் போடச் சொல்றாங்க. பக்கத்து வீட்டுக்காரங்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுறாங்க மாமா."

"என்னம்மா சொல்றா?"

"'பாத்தீங்களா, அச்சு அசல் என் தம்பி பொண்டாட்டி! அந்த இடுப்புல கை, அந்தச் சுவரைப் பாத்துப் பேசறது! இத்தனை வருஷமா நான் சொன்னா யாராவது நம்புனீங்களா'ங்கறாங்க. சனிக்கிழமைக்கு இன்னும் ஆறு சீட்டு கிடைக்குமான்னு கேக்கச் சொன்னாங்க."

"நீங்க ரெண்டு பேரும் என்ன சொன்னீங்க?"

"நாங்க சமையல் கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டோம் மாமா."

ஆகவே மேலே கண்ட எதையும் நான் எழுதவில்லை என்று கொள்ளவும். உன் காது என்றைக்கும் தப்பாது. இரண்டு தராசு இரண்டு விதமாகக் காட்டினால் பழைய தராசு காட்டுவதை எடுத்துக்கொள்வதுதான் என் வழக்கம், நீ மூத்தவள். சனிக்கிழமை நீ அவசியம் வர வேண்டும், ஐந்தாவது வரிசையில் நடு இருக்கை உனக்கு. மருமகள்களையும் அழைத்து வரவும். படிவத்தில் உன் பெயரை அடித்துவிட்டு என் மனைவியின் பெயரை எழுதி அவளிடம் நீட்டினேன். அவள் படிவத்தோடு இந்தக் கடிதத்தையும் வாங்கி, நின்றபடியே கடைசி வரி வரை படித்தாள். போனில் யார், என்ன என்று கேட்டாள். சொன்னேன். மகளின் அறைக் கதவை ஒரு முறை பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டாள். படம் பிழைத்தது.

இந்தக் கடிதத்தை இனி அனுப்ப வேண்டியதில்லை, கிழித்துவிடுகிறேன் என்றேன். "குடுங்க, நானே பாத்துக்கறேன்" என்றாள். தொடங்கியதை முடித்துவிட்டுத் தருகிறேன் என்று ஐந்து நிமிடம் கேட்டிருக்கிறேன். பக்கத்தில்தான் நிற்கிறாள். வலது கையில் உன் விலாசம் எழுதிய உறை இருக்கிறது. இடது கை இடுப்பில் இருக்கிறது. அந்தக் கையில் கோந்து பாட்டில். கிழிக்கப் போகிற கடிதத்துக்குக் கோந்து எதற்கு என்று கேட்டேன். சுவரைப் பார்த்தபடி பதில் சொன்னாள்.

"நான் ஒண்ணும் சொல்லல."