சுண்டுவிரல் செய்த துரோகம்

தலையே போனாலும் பாத்திரம் மட்டும் துலக்குவதில்லை என்று முடிவு கட்டினேன். முப்பது வருஷமாக முடி வெட்டுகிறவன், எனக்கா முடிவு கட்டத் தெரியாது?

விஷயம் இதுதான். வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருக்கிற என் சம்சாரம், "நாளையிலிருந்து பாத்திரம் உங்க பொறுப்பு" என்று காரணம் சொல்லாமல் உத்தரவு போட்டுவிட்டாள்.

அன்றைக்கு என் கடைக்கு முடி வெட்ட வந்த கம்ப்யூட்டர்க்காரர் கையைக் கையை உதறினார். விசாரித்தேன். மணிக்கட்டுக்குள் ஒரு சின்னச் சந்து இருக்கிறதாம். அதற்குள் ஒரு நரம்பு போகிறதாம். கைக்கு ஓயாமல் ஒரே வேலை கொடுத்தால் உள்ளே வீங்கி, நரம்பை நெரிக்குமாம். விரல் மரத்துப் போகுமாம். எந்த விரல் என்று நான் கேட்கவில்லை. யோசனை ஓடுகிற நேரத்தில் மிச்சமெல்லாம் எவன் காதில் விழும்?

வீட்டுக்குப் போனதும் கையை உதறிக்கொண்டே உட்கார்ந்தேன்.

"ஐயோ, என்னங்க ஆச்சு?"

"மணிக்கட்டுல நரம்பு நசுங்கிடுச்சு. கத்தரிக்கோல் பிடிச்ச கை இல்லையா!"

"விரல் மரத்துப் போகுதா?"

"கட்டை மாதிரி."

"ராத்திரியில ஜாஸ்தியோ?"

"தூக்கமே இல்லை!"

"எனக்குக் குறட்டைதானே கேட்டுச்சு?"

"அது வலியில முனகினது!"

"பாவம். சுண்டுவிரல் எப்படி இருக்கு?"

எவ்வளவு கருணை அந்தக் குரலில்! நானும் விடவில்லை.

"அதை ஏன் கேக்குறே! மத்த நாலும் தேவலை. சுண்டுவிரல்லதான் உயிரே போகுது."

அலமாரியிலிருந்து தகடு வைத்த மணிக்கட்டுப் பட்டை ஒன்றை எடுத்து வந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கையை நீட்டினேன். அவள் அதைத் தன் கையில் மாட்டிக்கொண்டாள்.

"அந்த நரம்பு சுண்டுவிரல் பக்கமே போறதில்லையாம். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரல்ல பாதி. அவ்வளவுதான்."

"யார் சொன்னது?"

"எனக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர். ரெண்டு மாசமா துணி வெட்ட முடியலை, கத்தரி நழுவுது. ராத்திரியெல்லாம் கையை உதறிக்கிட்டு உக்காந்திருக்கேன். ஓய்வு கொடுக்கலைன்னா ஆபரேஷன்தான்னுட்டாரு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லலாம்னுதான் எழுப்பினேன். நீங்க வலியில முனகிக்கிட்டிருந்தீங்க."

சுருக்கென்றது. அவள் நடுவிரலை மெல்லக் கிள்ளிப் பார்த்தேன். என்னை முறைக்கக்கூட இல்லை. கிள்ளியதே தெரியவில்லை அவளுக்கு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போனேன். பாத்திரம், துணி, சமையல், பட்டன் தைப்பது வரைக்கும் நான்தான்.

மூன்று மாசம் போயிருக்கும். அடிப்பிடித்த குண்டானோடு மல்லுக்கு நின்றபடி திரும்பிப் பார்க்கிறேன். பட்டை மாட்டிய அதே கையால் ஊசியில் நூல் கோக்கிறாள். ஒரே குத்தில்!

"அடியே! கை சரியாயிடுச்சா?"

"ஆச்சே ஒரு மாசம். பட்டையைக்கூடக் கழட்டச் சொல்லிட்டாரு."

"பின்னே ஏன் இன்னும் மாட்டிக்கிட்டிருக்கே?"

"இப்பத்தாங்க உங்களுக்குக் கை பழகியிருக்கு. நடுவுல விட்டா மறந்துடாதா?"