நிமிராத செடி

"அண்ணா, காலை எடுங்க. பெருக்கணும்," என்றாள் லோபார்.

தாஷ்கண்டின் அந்தச் சந்தில், விடிவதற்குள் வாசல் பெருக்கித் தண்ணீர் தெளிப்பது அந்தந்த வீட்டு மருமகளின் வேலை. தாவர ஆராய்ச்சியாளர் ஹிக்மத் காலை எடுக்கவில்லை. அவர் காலடியில், செங்கல் இடுக்கில், மஞ்சள் பூவோடு ஒரு களைச்செடி தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.

ஊருக்கு வெளியே இதே செடி முழங்கால் உயரம் நிற்கும். சந்துச் செடியின் விதையைக் கொண்டுபோய், யாரும் மிதிக்காத நல்ல மண்ணில் போட்டுப் பார்த்தார். அங்கேயும் படுத்துக்கொண்டுதான் வளர்ந்தது. நகரத்தில் பிழைப்பதற்காகப் பிறவிக் குணத்தையே மாற்றிக்கொண்டுவிட்டது. அந்தச் சாமர்த்தியத்தை நினைக்க நினைக்க ஹிக்மத்துக்கு மெய்சிலிர்த்தது. சனிக்கிழமை நிபுணர் குழு வருகிறது. செடியைக் காட்டினால் ஆராய்ச்சி தொடரும். இல்லையென்றால் அவர் பழையபடி பருத்திப் பூச்சி ஆராயப் போக வேண்டியதுதான்.

"ரொம்ப அபூர்வமான செடிம்மா. சனிக்கிழமை வரைக்கும் யாரும் தொட வேண்டாம்," என்று கெஞ்சினார்.

அபூர்வம் என்ற சொல் மதியத்துக்குள் சந்து முழுக்கச் சுற்றிவிட்டு, இரத்த அழுத்தத்துக்குக் கைகண்ட மருந்து என்று திரும்பி வந்தது. மாமியார்கள் கூடையோடு இறங்கி, பறித்ததை எல்லாம் கீரைச் சம்சாவாகச் சுட்டுவிட்டார்கள். லோபாரின் மாமியார் ஹதிச்சா அவருக்கும் நான்கு அனுப்பியிருந்தார். ஹிக்மத் வயிற்றெரிச்சலோடு நான்கையும் தின்றார். நன்றாகத்தான் இருந்தது.

மிச்சத்தைக் காப்பாற்ற, 'விஷச்செடி, தொடாதீர்' என்று பலகை நட்டார். பலகையைப் படித்ததும், முந்தின நாள் சம்சா தின்ற அத்தனை பேருக்கும் வயிறு வலிக்க ஆரம்பித்துவிட்டது. குழந்தைகள் விளையாடும் இடத்தில் விஷமா என்று தெருத் தலைவர் பொங்கினார். எல்லோரும் மண்வெட்டியோடு வரவேண்டும் என்று உத்தரவு போட்டார்.

ஹிக்மத் ஓடினார். விஷம் இல்லை என்று நிரூபிக்க, கூட்டத்தின் நடுவில் ஒரு பிடி இலையைப் பறித்து வாயில் போட்டு மென்றார். பச்சையாக ஒரே கசப்பு. முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொண்டார்.

ஹதிச்சா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பார்த்தீங்களா, எல்லாத்தையும் தானே தின்னணும்னுதான் பலகை வச்சிருக்கார்."

மண்வெட்டிகள் வீட்டுக்குப் போயின. கூடைகள் மறுபடி வந்தன.

சனிக்கிழமை சந்து மழித்த தலை மாதிரி இருந்தது. குழுவின் தலைவியான மூத்த பேராசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஹிக்மத் முழங்காலில் விழுந்து ஒவ்வொரு செங்கலாகத் தேடினார். சாக்கடை ஓரத்தில், ஒட்டிய காகிதம் போல மூன்று செடிகள். இத்தனை பெண்களின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு, பூ வேறு பூத்திருந்தன. அவருக்கு அழுகை வந்துவிட்டது.

முழங்காலில் இருந்தபடியே விளக்கினார். சுவர்களுக்கு நடுவே வீசும் அனல்காற்றில் நிமிர்ந்த செடிகள் கருகிப்போகும். படுத்தவை தப்பிக்கும், அவற்றின் விதைதான் அடுத்த வருடம் முளைக்கும். ஐந்து வருடமாகக் காற்றை அளந்திருக்கிறார். பேராசிரியை தானும் மண்டியிட்டுப் பார்த்து, பிரமாதம் என்று குறித்துக்கொண்டார்.

தண்ணீர் வாளியோடு நின்ற லோபார், வாசலில் மாமியார் இல்லை என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்:

"காத்தெல்லாம் இல்லீங்கண்ணா. மாமியார் நின்னுக்கிட்டே பார்த்தா எது கண்ணுல படுமோ, அதை மட்டுந்தான் இந்தச் சந்து மருமகளுங்க காலங்காலமா பிடுங்குறோம்."