இயக்குநர் அருளிய நீண்ட ஆயுள்

மனித குலத்தின் ஆயுளை நீட்டிக்க இதுவரை எத்தனையோ மேதைகள் முயன்று, பாவம், அவர்களே காலமாகிவிட்டார்கள். அந்தக் காரியத்தை ஒரே சுற்றறிக்கையில் சாதித்தவர் எங்கள் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர். அதைத் தட்டச்சு செய்தவன் நான். வரலாறு எனக்கும் ஒரு மூலையில் முக்காலி போடும்.

எல்லாம் புழுவால் வந்தது. எங்கள் இரண்டாம் மாடியில் நூற்புழுக்களை வளர்க்கிறார்கள். நூல் பிசிறு அளவுதான் இருக்கும். வளர்ப்பவரை நாங்கள் ‘புழு மேடம்’ என்போம். ஒரு கூட்டத்தில் அவர் சொன்னார்:

“இளம் புழுவைக் கொஞ்சம் சூட்டுல வெச்சா, செல்லுக்குள்ள இருக்கிற பாதுகாப்புப் புரதமெல்லாம் முழிச்சுக்குது சார். பழுதானதைச் சரிபண்ணுது. சுகமா வளர்ந்த புழுவைவிட இது அதிக நாள் உயிரோட இருக்கு. ஆனா...”

‘ஆனா’வுக்குப் பிறகு எதையும் கேட்கும் வழக்கம் இயக்குநருக்கு இல்லை. பெரிய மனிதர், நேரம் குறைவு.

மறுநாளே ‘மிதமான நெருக்கடித் திட்டம்’ அமலுக்கு வந்தது. ஏசி நின்றது. சுழல் நாற்காலிகள் போய் முக்காலிகள் வந்தன. லிஃப்டைப் பூட்டினார்கள். தேநீர் இடைவேளை ‘செல்களைச் சோம்பேறியாக்குவது’ என்று கண்டறியப்பட்டு ரத்தானது. அக்கவுண்டன்ட் மயங்கி விழுந்தபோது, “பார்த்தீங்களா, புரதம் முழிச்சுக்கிச்சு!” என்று இயக்குநர் பூரித்துப்போனார்.

அவர் அறையில் மட்டும் ஏசி ஓடியது. அற்பர்கள் முணுமுணுத்தார்கள். எந்தச் சோதனைக்கும் ஒப்பிட்டுப் பார்க்க, சுகமாக வளரும் ஒரு ஜீவன் வேண்டுமே! எங்களுக்காகத் தன் ஆயுளைக் குறைத்துக்கொள்ள அவர் ஒருவரே முன்வந்தார். என் மேசை அவர் கதவை ஒட்டி இருந்ததால், கதவிடுக்குக் குளிரில் என் கால்விரல்களும் அந்தத் தியாகத்தில் பங்கெடுத்துக்கொண்டன.

அப்போதுதான் புழு மேடம் அவர் முன்னால் வந்து நின்றார். பல வருடங்களாகத் தற்காலிக ஊழியர்.

“சார், இந்த மாசத்தோட என் ஒப்பந்தம் முடியுது. நிரந்தரம் பண்றேன்னு சொல்லியிருந்தீங்க. வீட்டுக்காரருக்கும் வேலை போயிடுச்சு. பொண்ணு காலேஜ்ல சேரணும்.”

“நிரந்தரமா?” இயக்குநர் பதறினார். “உங்க உயிரோட விளையாட எனக்கு மனசு வரலம்மா. நிம்மதியா இருந்த புழு என்னாச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க! இனிமே உங்களுக்கு வாராவாரம் ஒப்பந்தம். நூறு வயசு இருப்பீங்க.”

மேடம் விறுவிறுவென்று மாடிக்குப் போனார். மைக்ராஸ்கோப்பையும் ஒரு கண்ணாடித் தட்டையும் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க இறங்கி வந்தார்.

“பாருங்க சார்.”

“ஒண்ணும் அசையலையே?”

“செத்துப்போச்சு. நம்ம திட்டப்படி வெச்ச புழு இது. அன்னிக்கு நீங்க கேக்காத ‘ஆனா’ இதுதான். சூடு ஒரு மணி நேரம்தான் சார். அப்புறம் குளிர்ச்சியான இடத்துல, சாப்பாடு போட்டு, நிம்மதியா விட்டுடணும். விடாம சுட்டுக்கிட்டே இருந்தா புரதம் என்ன, புழுவே மிஞ்சாது.”

இயக்குநர் கண்கலங்கிவிட்டார். நானும்தான். அந்த இடத்திலேயே ஆணை பிறந்தது: இனி நெருக்கடி ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. பிறகு குளிர்ந்த அறை, வேளாவேளைக்கு உணவு, முழு ஓய்வு.

தட்டச்சு செய்யும்போது எனக்கு ஒரு சின்னச் சந்தேகம்.

“சார், இது ஊழியர்களுக்கும் சேர்த்துத்தானே?”

“புழுவுக்குய்யா! வாயில்லா ஜீவன், பாவம்.”

புழு மேடம் கைப்பையை மாட்டிக்கொண்டு கதவருகே நின்றார்.

“அப்ப என்னையும் ஒரு புழுவா நெனச்சுக்கோங்க சார். அது போதும்.”

“பரிசீலிக்கலாம்” என்றார் இயக்குநர்.

இன்னும் பரிசீலித்துக்கொண்டிருக்கிறார். மேடம் திங்கட்கிழமைதோறும் புதிதாகக் கையெழுத்துப் போடுகிறார்.

மற்ற அலுவலகங்களில் ஊழியர்களைப் புழுவைப் போல நடத்துகிறார்களாம். கொடுத்துவைத்தவர்கள்.